ரோட் ஐலண்ட் சிவப்புக் கோழி: அசலா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: தலவாக்கலை வாசகர், 2024 மார்ச் 2

வெலிமடைப் பக்கம் ஒருவரிடம் ஐந்து ரோட் ஐலண்ட் ரெட் வாங்கினேன். ஒரு சேவல், நாலு பெட்டை. எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர், "சிவப்பு எவ்வளவுக்குக் கறுக்குதோ அவ்வளவுக்கு அசல், வேற எதையும் பார்க்கத் தேவையில்லை" என்கிறார். சரியா? இவற்றை வைத்துக் குஞ்சு பொரிக்கலாமா?

2024 மார்ச் 2, இரவு

சரியில்லை. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கழுத்தையும் வாலையும் மனதுக்குள் மறைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு செங்கல் மாதிரித் தெரியவேண்டும். நீளமான மட்டமான முதுகு, முன்னே வரும் ஆழமான நெஞ்சு, வயிற்றடி ஏறக்குறைய நேர்கோடு. வாலைச் செங்குத்தாகத் தூக்கக்கூடாது, தாழ்வாக வைத்திருக்கவேண்டும். அப்படி வைத்தால்தான் முதுகு இன்னும் நீளமாகத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதுகு பின்னால் சரிந்து நிற்கிற பறவை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் சண்டைக் கோழி இரத்தம் உள்ளே இருக்கும்.

அப்புறம் எடை. இந்த இனத்துக்கு எழுதி வைத்திருக்கிற அளவு முழு வளர்ச்சி அடைந்த சேவலுக்கு ஏறக்குறைய 3.8 கிலோ, பெட்டைக்கு 2.9 கிலோ. தோட்டத்தில் மேய்ந்து திரிகிற கோழி அதில் கால் கிலோ குறையலாம். ஒரு வயதுப் பெட்டை 2 கிலோவுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் யோசியுங்கள்.

கால் மஞ்சளாக இருக்கவேண்டும். வெளிறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

காதுமடல் சிவப்பு, கண் செம்பழுப்பு, காலில் ஒரு இறகுகூட முளைத்திருக்கக்கூடாது, விரல் நாலு.

2024 மார்ச் 3

சிறகைச் சொல்ல மறந்துபோனேன். முக்கியமானதே அதுதான்.

பெட்டையை மடியில் வைத்து ஒரு சிறகை விசிறி மாதிரி விரியுங்கள். வெளிப்பக்கம் நீளமான பத்து இறகு. ஒவ்வொன்றுக்கும் நடுத்தண்டின் இரு பக்கமும் இழை உண்டு. அந்தப் பத்திலும் கீழ்ப்பக்க இழை கறுப்பு, மேல்பக்க இழை சிவப்பு. உடம்பை ஒட்டிய உள்வரிசைக்கு வந்தால் அப்படியே மாறிவிடும்: கீழே சிவப்பு, மேலே கறுப்பு. மெதுவாகச் சிறகை மடக்கிப் பாருங்கள். கறுப்பு முழுவதும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போய் ஒளிந்து, வெளியே சிவப்பு மட்டும் நிற்கும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் முறை விரித்து மடக்கத் தோன்றுகிறது.

வால் கறுப்பு. வெயிலில் பிடித்தால் பச்சை மினுமினுப்பு. பெட்டையின் கழுத்தடி இறகு நுனிகளில் மைப்பொட்டு வைத்த மாதிரிக் கறுப்பு இருந்தால் குறையில்லை. சேவலின் கழுத்தில் அது கூடாது.

கடைசியாக முதுகு இறகை வாயால் ஊதிப் பாருங்கள். அடியில் தோல் வரைக்கும் சிவப்பு இருக்கவேண்டும். சாம்பல் தெரிந்தால் குறை. வெள்ளை தெரிந்தால் அது வேறு கதை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2024 மார்ச் 5

தலவாக்கலைத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். நாலு பெட்டையில் மூன்றுக்கு வால் இறகில் வெள்ளை, ஊதினால் அடியிலும் வெள்ளை, உடம்பு இஞ்சி நிறம், எடை 1.9 கிலோ.

தம்பி, அவை பண்ணை முட்டைக்கோழிகள். கலப்பினம். விற்றவர் ஏமாற்றினார் என்று உடனே முடிவுகட்டவேண்டாம். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், ஏனென்றால் மலையகத்தில் சிவப்பாக ஒரு கோழியைக் கண்டாலே ரோட் ஐலண்ட் என்றுதான் சொல்கிறோம். பழுப்பு முட்டை போடுகிற பண்ணைக் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தகப்பன் வழி ரோட் ஐலண்ட்தான். சிவப்புச் சேவலை வெள்ளிநிறப் பெட்டையோடு சேர்த்தால் பொரிக்கிற அன்றே பெட்டைக் குஞ்சு சிவப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பிரிந்துவிடும். பொரிப்பகத்துக்காரருக்கு அதனால் பெரிய வசதி.

அவை முட்டை போடட்டும். நிறையப் போடும். ஆனால் அவற்றிலிருந்து குஞ்சு எடுத்தால் தாயைப் போல வராது. ஒன்று வெள்ளை, ஒன்று புள்ளி, ஒன்று சிவப்பு என்று சிதறிப்போகும். நாலாவது பெட்டையையும் சேவலையும் தனியாக வையுங்கள்.

2024 மார்ச் 9

ஏன் நிறம் கடைசி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா வேலை பார்த்தார். துரை ரோட் ஐலண்ட் வளர்த்தார். கோழிகளைக் கவனிக்கிற வேலை அப்பாவுடையது. வருஷத்தில் இரண்டு தடவை, எதை அடைக்கு வைப்பது, எதைக் கறிக்குக் கொடுப்பது என்று பிரிப்பார். அந்த வேலையை இராத்திரி எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்வார். கையில் விளக்கு இருக்காது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் உள்ளே போவார். அடைந்த கோழி இருட்டில் அசையாது, படபடக்காது. பகலில் துரத்திப் பிடித்தால் அது உடம்பை இறுக்கிக்கொள்ளும். கைக்கு ஒன்றும் தெரியாது.

நெஞ்சுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து, சுட்டுவிரலை இரண்டு காலுக்கும் நடுவில் கொடுத்து, கோழியின் தலை தன் பக்கம் இருக்கும்படி தூக்குவார். பாரம் முழுவதும் நெஞ்செலும்பில், அதாவது உள்ளங்கையில் இருக்கும். அந்த எலும்பு நேராக நீளமாக ஓடுகிறதா, நடுவில் வளைந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மற்றக் கையை முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் இழுப்பார். அகலம் குறையாமல் கடைசிவரை போகவேண்டும். அப்புறம் பின்வாய்க்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பு முனைகள். முட்டை போடுகிற பெட்டைக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல், சிலதில் மூன்று விரல் போகும். அங்கிருந்து நெஞ்செலும்பு நுனி வரைக்கும் மூன்று நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்று இருக்கும். போடாத கோழிக்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டம்.

"இது", "இது இல்ல" என்று மட்டும் சொல்வார். நான் கதவருகே நின்று எண்ணிக்கொள்வேன். காலையில் வெளிச்சத்தில் பார்த்தால், ஒதுக்கிய கூட்டத்தில் நல்ல செக்கச்செவேல் என்று ஒன்றிரண்டு நிற்கும். எனக்கு அடித்துக்கொள்ளும். அவர் அசைய மாட்டார்.

இறக்கி விடும்போதும் தலையை முன்னால் விட்டுத்தான் கூண்டுக்குள் வைப்பார். பின்பக்கமாகத் திணித்தால் சிறகு கதவில் மாட்டி இறகு முறியும்.

2024 மார்ச் 17

கொண்டை. ஐந்து பல். முதலும் கடைசியும் சிறியவை, நடு மூன்றும் பெரியவை. நேராக நிற்கவேண்டும், முறுக்கக்கூடாது. தட்டையான ரோஜாக் கொண்டையும் இந்த இனத்தில் தனி வகையாக உண்டு. அது நம் பக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர் படம் போடுங்கள்.

நான் கண்டு கசந்த ஒரு விஷயம் சொல்லவேண்டும். 2018-இல் வெளியூர் ஒருவரிடம் ஒரு சேவல் வாங்கினேன். அழகு என்றால் அழகு. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் கழித்து, தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது கொண்டையின் வலப்பக்கத்தில் விரலுக்கு ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. உளுந்து அளவுக்கு ஒரு வெளிறிய தழும்பு. கொண்டையின் பக்கத்திலிருந்து முளைத்த ஒரு குட்டிப் பல்லைப் பிளேடால் சீவியிருக்கிறார்கள். பக்கப்பல் இருந்தால் கண்காட்சியில் அந்தப் பறவையை அப்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். கத்தி வைத்து மறைத்தாலும் குஞ்சுகளுக்கு அது போய்விடாது. அந்தச் சேவலுக்குப் பிறந்த பதினொரு குஞ்சில் நாலுக்குப் பக்கப்பல் வந்தது.

அதனால் கொண்டையைக் கண்ணால் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் இரு பக்கமும் வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை உருவிப் பாருங்கள்.

2024 மார்ச் 18

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "முறுக்கக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். நிறைய முட்டை போடுகிற பெட்டையின் கொண்டை பெருத்து, பின் பல் கொஞ்சம் ஒரு பக்கம் சாயலாம். அதற்காகப் பெட்டையைத் தள்ளவேண்டாம். சேவலுக்கு மட்டும் கறாராக இருங்கள்.

2024 ஏப்ரல் 15

வருஷப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து வந்த தங்கை மகன் என் சேவலைப் பார்த்து, "மாமா, இது முட்டை போடுமா?" என்று கேட்டான். பத்து வயது. சேவல் என்றதும், "அப்ப எதுக்கு இவ்வளவு அழகா இருக்கு?" என்றான். இரண்டு நாளாக அந்தக் கேள்வியையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

2024 ஏப்ரல் 28

மார்ச் 2-இல் "கால் வெளிறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்" என்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். நேற்று ஒருவர் அதைப் படித்துவிட்டு இரண்டு பெட்டையை விற்கப்போவதாக எழுதியிருக்கிறார். விற்காதீர்கள்.

காலின் மஞ்சள் தீனியிலிருந்து வருகிறது. சோளம், கீரை, புல். அந்த மஞ்சள்தான் முட்டைக் கருவுக்கும் போகிறது. பெட்டை முட்டை போடத் தொடங்கினால் புதிதாக வருகிற மஞ்சள் எல்லாம் கருவுக்கே போய்விடும், உடம்பில் இருப்பது மெல்ல வெளுக்கும். முதலில் பின்வாயைச் சுற்றி, அடுத்துக் கண்ணைச் சுற்றியுள்ள வளையம், அப்புறம் அலகு. அலகு அடியில் தொடங்கி நுனியை நோக்கி வெளுக்க ஒன்றரை மாதம் ஆகும். கடைசியில் கால். அது முழுக்க வெளுக்க நாலைந்து மாதம். முட்டையை நிறுத்தினால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பி வரும்.

ஆக, நாலு மாதம் முட்டை போட்ட பெட்டைக்குக் கால் பளபளவென்று மஞ்சளாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். கால் நிறத்தை முட்டைக்கு வராத வெடைக்கோழியிலும் சேவலிலும் பாருங்கள். அதிலும் தவிடும் மிச்சச் சோறும் மட்டும் தின்று வளர்ந்தது என்றால் வெளிறித்தான் இருக்கும்.

இது எனக்கு 2021-இல் தெரிந்திருந்தால் ஒரு பெட்டையை இழந்திருக்க மாட்டேன். நல்ல செங்கல் உடம்பு, சிறகில் ஒரு குறை கிடையாது. கால் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போனது. கலப்பு என்று நினைத்து மேட்டு லயத்து அத்தைக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இருட்டில் அதைத் தூக்கிப் பார்த்திருந்தால் மூன்று விரல் போயிருக்கும். தூக்கவில்லை. அப்பா இறந்து அப்போது ஆறு மாதம். கூட்டுக்குள் இராத்திரியில் போக மனம் வரவில்லை.

2024 மே 1

ஒன்று சேர்க்க விட்டுப்போனது. அந்த அத்தையிடம் அது இன்னும் இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் காலை தவறாமல் முட்டை குடிக்கிறாராம்.

2024 மே 26

ஹட்டன் அக்கா கேட்டது: "மழை தொடங்கினதும் பெட்டைகள் கந்தலாக நிற்கின்றன. எந்த மாதம் இறகைப் பார்த்துத் தேர்வது?"

வெளிநாட்டுக் குறிப்புகளில் இறகு உதிர்வது இலையுதிர் காலத்தில் என்று போட்டிருக்கும். அங்கே பகல் நேரம் சுருங்கச் சுருங்கக் கோழி முட்டையை நிறுத்தி உதிர்க்கும். நம் மலையகத்தில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் ஒரு கூட்டிலேயே ஒன்று பெப்ரவரியில் உதிர்க்கும், ஒன்று ஆகஸ்டில். எல்லாவற்றையும் ஒரே நாளில் வரிசையாக நிறுத்தித் தேர்வது நமக்குச் சரிவராது. ஒவ்வொன்றும் புது இறகு போட்டு முடித்த பிறகு தனித்தனியாகப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை. எங்கள் ஊவாப் பக்கம் அப்போது காய்ந்த காற்று, மழை எங்களுக்கு வருஷக் கடைசியில்தான். உங்கள் கோழியும் எங்கள் கோழியும் ஒரே தாய்க்குப் பிறந்திருந்தாலும் ஜூலையில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறு வேறு இனம் என்பார்கள். எங்களுடையது வெயிலில் வெளுத்துப் பித்தளை நிறத்துக்குப் போயிருக்கும். உங்களுடையது ஈரத்தில் ஒட்டிப்போய் நிறம் கறுத்துத் தெரியும். அகலமான, இழை நெருங்கிய இறகு ஈரத்தை உதறிவிடும். குறுகலான நூல் மாதிரி இறகு ஊறும். அக்கா, உங்கள் பக்கத்துக்கு நிறத்தைவிட இந்த இறகு அகலம் பெரிய விஷயம். மழையில் எது முதலில் காய்கிறது என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்தது.

சிறகில் இன்னொன்று. வெளிவரிசைப் பத்துக்கும் உள்வரிசைக்கும் நடுவில் ஒரு குட்டி இறகு இருக்கும். அது இல்லாமல் அங்கே ஒரு வாசல் மாதிரி இடைவெளி விழுந்தால் பிளந்த சிறகு என்பார்கள். பரம்பரைக் குறை. ஆனால் உதிர்க்கிற நேரத்தில் எல்லாக் கோழிக்கும் அந்த இடைவெளி விழும், ஏனென்றால் உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கி வெளியே போகிறது. ஆறு வாரம் பொறுத்து மறுபடி விரித்துப் பாருங்கள்.

2024 ஜூலை 7

தலவாக்கலைப் பெரியவர் விடவில்லை. "கறுத்த சிவப்புதான் அசல்" என்று தம்பி மூலமாக மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் வயதுக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இந்த இனம் உருவானது அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் லிட்டில் கொம்ப்டன் பக்கத்தில். பெயரும் அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களில் வந்த சிவப்பு மலே சேவல்களையும் சீனக் கோழிகளையும் தங்கள் கோழிகளோடு சேர்த்து அங்குள்ள விவசாயிகள் வளர்த்தார்கள். முட்டையும் வேண்டும், கறியும் வேண்டும், குளிரையும் தாங்கவேண்டும். அவர்களுக்குத் தேவை அவ்வளவுதான். 1904-இல்தான் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் இதைத் தன் தர நூலில் சேர்த்தது. 1954-இல் ரோட் ஐலண்ட் மாநிலப் பறவையாகவே அறிவித்தார்கள்.

தர நூலில் ஏறிய பிறகு கண்காட்சிப் போட்டி வந்தது. நடுவர் ஆழ்ந்த சிவப்புக்குப் பரிசு கொடுக்கக் கொடுக்க, வளர்ப்பவர்கள் கறுத்ததைக் கறுத்ததோடு சேர்த்துக்கொண்டே போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு என்றே தோன்றும் அளவுக்குப் போனது. மறுபக்கம் முட்டைப் பண்ணைக்காரர்கள் நிறத்தைக் கைவிட்டு முட்டையை மட்டும் பார்த்தார்கள். உடம்பு சிறுத்து, நிறம் வெளுத்துப்போனது. ஆகவே, வெளிர்சிவப்பு பெரும்பாலும் பண்ணைக் கோழி என்று பெரியவர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். கறுக்கக் கறுக்க நல்லது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கூட்டில் 2015 முதல் 2018 வரை நானே மூன்று தலைமுறை கறுப்பை விரட்டினேன். மூன்றாம் தலைமுறையில் ஊதினால் அடி இறகு முழுவதும் சாம்பல், இறகு குறுகிப்போனது, குஞ்சுக்கு இறகு முளைக்கவே தாமதம். நுவரெலியாவுக்குக் கொடுத்த ஆறு குஞ்சும் அரைகுறை இறகோடு பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டன. அது 1,868 மீற்றர் உயரம், ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். இரண்டுதான் பிழைத்தன.

இப்போது நடுத்தரமான சிவப்புச் சேவலுக்கு ஒரு சாயல் கூடுதலான பெட்டையை வைக்கிறேன். நிறம் ஓடிவிடாமல் இருக்கிறது.

2024 ஜூலை 8

"பாரம்பரிய இனம் என்றால் பழைய கோழி என்று மட்டும்தானே அர்த்தம்?" என்று கேட்டவருக்கு. கால்நடை இனங்களைக் காக்கிற ஒரு அமெரிக்க அமைப்பு 2009-இல் இதற்கு ஒரு வரையறை சொன்னது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே தர நூலில் ஏறிய இனமாக இருக்கவேண்டும், தானாகச் சேர்ந்து இனம் பெருகவேண்டும், பெட்டை 5 முதல் 7 வருஷம் பலன் தரவேண்டும், மெதுவாக வளரவேண்டும், அதாவது 16 வாரத்துக்கு முன் கறி எடைக்கு வரக்கூடாது. நான் எழுதுகிற எல்லாவற்றுக்கும் இந்த ஐந்து முதல் ஏழு வருஷம்தான் அடிப்படை. அவ்வளவு காலம் நிற்கிற எலும்பா என்றுதான் கை தேடுகிறது.

2024 ஓகஸ்ட் 11

கோழியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன். நேற்று ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். விடியற்காலை, பனி இன்னும் கலையவில்லை. பாதையோரம் காட்டுச் சேவல் ஒன்று, ஆறடி தூரத்தில், பயமில்லாமல் கிளறிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு, யாரோ விரலில் மஞ்சள் தொட்டு வைத்த மாதிரி. நெஞ்சு செம்மஞ்சள், சிறகும் வாலும் ஊதாக் கறுப்பு. நம் நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, தேசியப் பறவை.

பக்கத்தில் நின்ற ஒருவர் "நம்ம ஊர்க்கோழி எல்லாம் இதுக்குப் பொறந்ததுதான்" என்றார். வீட்டுக்கோழிக்கு முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி, ஆசியாவில் வேறு பக்கம் வாழ்வது. ஆனால் மஞ்சள் கால் அதிலிருந்து வரவில்லை. 2008-இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள்: மஞ்சள் தோலைத் தருகிற மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று. நான் அதை வாசித்த அன்று கூட்டுக்குப் போய்ச் சேவலின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பெயர், மலே உடம்பு, கால் மட்டும் நம் தாத்தாக்கள் வந்த பக்கத்துக் காட்டிலிருந்து.

2024 ஓகஸ்ட் 20

மேட்டு லயத்து அத்தையிடம் போய்க் கேட்டேவிட்டேன். வெளுத்த கால் பெட்டைக்கு இப்போது நாலு வயது. வாரத்துக்கு மூன்று முட்டை. இரண்டு மாதத்துக்கு இரவலாகக் கொடுங்கள், பதிலுக்கு என் இளம் பெட்டை இரண்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஒன்னு போதும் தம்பி, ஆனா இவளப் பத்திரமா திருப்பிக் கொண்டாந்துரணும்" என்றார்.

அங்கே அது கழுத்து மொட்டைச் சேவலோடு இருந்தது. பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் வித்து இரண்டு மூன்று வாரம் தங்கும். ஆகவே 21 நாள் கழித்துத்தான் அடைக்கு முட்டை எடுக்கவேண்டும்.

2024 செப்டம்பர் 22

ஆறு முட்டையை ஊர்க்கோழி ஒன்றுக்கு வைத்துவிட்டேன். 21 நாள் பொறுக்கவில்லை. ஒரு முட்டை 15-ஆம் நாள் எடுத்தது, எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டேன். பென்சிலால் அடையாளம் போட்டிருக்கிறேன்.

2024 ஒக்டோபர் 13

ஐந்து பொரித்தன. நாலு துருச் சிவப்பு. பென்சில் அடையாளம் போட்ட முட்டையிலிருந்து வந்தது கழுத்து மொட்டை, முன்பக்கம் மட்டும் ஒரு கொத்து முடி. மொட்டைக் கழுத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் அந்தக் கொத்து நிற்கும், இரு பக்கமும் வந்தால் கழுத்து அநேகமாகச் சுத்தமாக இருக்கும். 21 நாள் என்றால் 21 நாள்தான்.

அந்தக் குஞ்சை அத்தைக்குக் கொடுத்தேன், பெட்டையோடு சேர்த்து. பேரன் அதற்குள் பெயர் வைத்துவிட்டான்.

2025 ஜனவரி 19

நாலில் இரண்டு சேவல், இரண்டு பெட்டை. ஒரு சேவலுக்கு வால் இடப்பக்கம் கோணுகிறது. நடக்கும்போது, நிற்கும்போது, தின்னும்போது, எப்போதும் ஒரே பக்கம். கோணல் வால், முதுகெலும்புக் குறை. அது இனப்பெருக்கத்துக்கு வேண்டாம். நிறத்தில் நாலிலும் சிறந்தது அதுதான்.

தலவாக்கலைத் தம்பி தன் சேவலையும் நாலாவது பெட்டையையும் வைத்து எடுத்த குஞ்சுகளின் சிறகுப் படம் அனுப்பியிருக்கிறார். ஏழில் ஐந்துக்குக் கறுப்பும் சிவப்பும் சரியான பக்கத்தில் விழுந்திருக்கின்றன. பெரியவரும் இப்போது ஊதிப் பார்க்கிறாராம்.

2025 ஏப்ரல் 27

இரண்டு பெட்டையும் முட்டைக்கு வந்து மூன்று வாரம். இராத்திரி எட்டரைக்குக் கூட்டுக்குள் போனேன். மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். டோர்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலாவதன் நெஞ்செலும்பு நேர், முதுகு அகலம், இடுப்பில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. இரண்டாவது கையில் ஏறியதுமே கனமாக இருந்தது. முதுகைத் தடவினேன், அகலம் கடைசிவரை குறையவில்லை. இரண்டு விரல் வைத்து மூன்றாவதையும் வைத்துப் பார்த்தேன், இடம் இருந்தது.

"இது" என்றேன். மகள் வெளியிலிருந்து, "எதுப்பா, கறுத்ததா வெளுத்ததா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காலையில்தான் பார்க்கவேண்டும்.